சுவரில் வளர்ந்த பெயர்

சுங்கைப் பட்டாணியின் புறவழியில் ஏதாவதொரு பாலத்தின் அடித்தூணைப் பாருங்கள். கறுப்புச் சாயத்தில் நாலைந்து எழுத்து இருக்கும். ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று புகுந்திருக்கும். கடைசி எழுத்தின் வால் அம்பாக நீண்டிருக்கும். அக்காள் மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். தே தாரிக் குடிக்க உட்கார்ந்த கடையில் எதிர்ச்சுவரைக் காட்டி, "மாமா, இது என்ன மொழி? படிக்கவே முடியல. எதுக்கு இதைப் போய் எழுதறாங்க?" என்றான். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: அது ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். இரண்டாவதற்கு, "இன்னொரு தே, குராங் மானிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருந்தது.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கி வைப்போம். கிராஃபிட்டி என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது, ஜார்ஜ் டவுன் ஆர்மேனியன் தெருவில் 2012இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள். அதைப் பார்த்து அலோர் ஸ்டார், ஈப்போ என்று ஊர் ஊராகச் சுவரோவியம் வந்துவிட்டது. அழகுதான். ஆனால் அது யாரோ கேட்டு வரைந்தது, எல்லாருக்கும் புரிவது, பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ளத் தோதானது. பாலத் தூணில் இருப்பது வேறு வகை. எழுதியவனை யாரும் கேட்கவில்லை. சுற்றுலா வருகிறவர்களை அவன் நினைத்தும் பார்ப்பதில்லை. தன்னைப் போல எழுதுகிற இன்னொருவன் கண்ணில் பட்டால் போதும் அவனுக்கு. இப்படி ஒரே வீச்சில் இழுத்துவிட்டுப் போகிற பெயரைத்தான் டேக் என்கிறார்கள். மற்ற எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

இன்றைய வடிவில் இந்தப் பழக்கம் 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் கிளம்பியது. டேரல் மெக்ரே என்ற பையன் 'கார்ன்பிரெட்' என்ற தன் பட்டப்பெயரை ஊர்ச் சுவரெல்லாம் எழுதினான். நியூயார்க்கில் ஜூலியோ 204 என்று ஒருவன். அவனைப் பார்த்து டாக்கி 183. 1971 ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் டாக்கியைத் தேடிப்பிடித்துச் செய்தி போட்டது. கிரேக்கக் குடும்பத்துப் பையன். டெமெட்ரியஸ் என்ற பெயரின் செல்லச் சுருக்கம் டாக்கி. 183 அவன் குடியிருந்த தெருவின் எண். பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவனை நகரம் முழுக்க அலைய விட்டது. போன இடத்திலெல்லாம் தடித்த மார்க்கர் பேனாவால் பெயரைப் போட்டுவிட்டு வந்தான். செய்தி வெளியானதும் நகரத்தில் பாதிப் பையன்களுக்கு மார்க்கர் பேனா தேவைப்பட்டது.

பெயர், அதையொட்டி இருக்கும் இடம். "நம்ம தாத்தா பேருக்கு முன்னாடி ஊர்ப் பேரு போட்டுக்குவாரே, அந்த மாதிரியா மாமா?" என்றான் பையன். அந்த மாதிரியேதான்.

அதே முறையில் பழைய கெடா மண்ணில் ஒருவர் ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன்பே பெயர் பொறித்திருக்கிறார். 1834இல் கேப்டன் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கில அதிகாரி செபராங் பிறையில் ஒரு பழைய பௌத்தக் கோயிலின் சிதைவுக்குப் பக்கத்தில் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். செபராங் பிறை 1800 வரை கெடா சுல்தானின் நிலம். கல்லில் ஒரு தூபியின் உருவம் கீறப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றிச் சமஸ்கிருதத்தில், நம் பல்லவ எழுத்துக்கு உறவான தென்னாட்டு எழுத்தில், ஒரு பௌத்த வாசகமும் பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்ற வேண்டுதலும். எழுதச் சொன்னவர் தன்னை இப்படிச் சொல்லிக்கொள்கிறார்: இரத்தமிருத்திகையைச் சேர்ந்த மாநாவிகர் புத்தகுப்தர். மாநாவிகர் என்றால் பெருங்கடலோடி. இரத்தமிருத்திகை இன்றைய வங்காளத்தின் முர்ஷிதாபாத் பக்கம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெயர், தொழில், ஊர். கல் இப்போது கொல்கத்தாவில் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புத்தகுப்தரைச் சுவர்க் கிறுக்கர் என்று சொன்னால் தொல்லியல்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர் நேர்த்திக்கடன் செலுத்தியவர். டாக்கியோடு அவரை ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது என் குறும்பு. ஆனாலும் கடல் தாண்டிப் போன இடத்தில், தன்னைத் தெரியாத ஊரில், 'இன்ன ஊர் இன்னார் இங்கே வந்தார்' என்று சொல்லத் தோன்றியது பாருங்கள், அந்த இடம் இரண்டு பேருக்கும் பொது. அப்படிப் பார்த்தால் கெடாவின் நிலப்படத்திலேயே இந்த வகைக் கையெழுத்துகள் கிடக்கின்றன. ஹார்வர்ட் தோட்டம், டப்ளின் தோட்டம், விக்டோரியா தோட்டம், ஸ்கார்புரோ தோட்டம். கடல் கடந்து வந்த துரைமார் தங்கள் சீமைப் பெயர்களை நம் காட்டின்மேல் எழுதினார்கள். துரை போனார், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பீடோங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி மட்டும் இன்னும் ஹார்வர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளிதான்.

தமிழர் கையும் சும்மா இருந்ததில்லை. கெடாவிலிருந்து அதே கரையோரமாக வடக்கே போனால் தாய்லாந்தின் கிராபி. அங்கே குவான் லுக் பாட் என்னுமிடத்தில் பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டுப் பொருள். இது பெரும்பதனுடையது, தொடாதே என்பதுதான் செய்தி. பால் வாளியில் பெயிண்டால் பெயரோ எண்ணோ எழுதி வைத்த தோட்டத்து ஆட்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. எகிப்தின் குசேர் அல்கதீம் துறைமுகத்துப் பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் கிடைத்திருக்கின்றன. அதே எகிப்தில், அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளுக்குள், சிகைக் கொற்றன் என்ற தமிழன் தன் பெயரைத் திரும்பத் திரும்பக் கீறியிருப்பதை அண்மையில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். வந்தேன், பார்த்தேன் என்கிற தொனியில் ஒரு வாசகமும் உண்டு. அந்தக் கல்லறைகளில் கிரேக்க, இலத்தீன் கிறுக்கல்கள் மட்டும் 2,000க்கு மேல். நூறு ஆண்டுக்கு முன்பே பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவற்றைப் படித்துத் தொகுத்து அச்சிட்டுவிட்டார். நடுவில் இருந்த நம் கொற்றன் கண்டுகொள்ளப்பட இவ்வளவு நாளாயிற்று.

கீழடி பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறியவரும் இந்த வரிசைதான். பெயர்களுக்கு முந்தி வெறும் குறிகள்: மீன், ஏணி, அம்பு போலக் கீறியவை. தொல்லியல்காரர்கள் இவற்றையும் கிராஃபிட்டி என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 140 இடங்களில் கிடைத்த 15,000க்கு மேற்பட்ட கீறல் ஓடுகளைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்டு அங்குள்ள தொல்லியல் துறை 2025இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. நாம் அதற்குள் போக வேண்டாம், தே ஆறிவிடும்.

இவர்களில் ஒருவருக்கும் எழுத்தை நெளித்து வளைத்து எழுத வேண்டிய அவசியம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊரில் ஒரே ஒரு பெரும்பதன், ஒரே ஒரு உரைகல். நியூயார்க்கில் 1972 வாக்கில் நிலைமை வேறு. ஒரே ரயில் பெட்டியின் பக்கவாட்டில் நூறு பெயர். உள்ளே நூறு பெயர். டாக்கி எழுதியது பள்ளிக்கூட எழுத்து, யார் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும். கூட்டத்தில் அது காணாமல் போயிற்று. அப்போதுதான் பையன்கள் எழுத்தின் உருவத்தில் கை வைத்தார்கள். கிராஃபிட்டியின் எழுத்துப் பாணிகள் எல்லாம் இந்த நெரிசலில் பிறந்தவை.

முதல் வழி, பெரிதாக்குவது. சூப்பர் கூல் 223 என்றவன் 1972இல் தன் பெயரை ரயில் பெட்டியில் மிகப் பெரிதாக எழுதி, உள்ளே ஒரு வண்ணம் நிரப்பி, சுற்றி இன்னொரு வண்ணத்தில் கோடு போட்டான். ஸ்ப்ரே டின்னோடு வரும் மூக்கில் மெல்லிய கோடுதான் விழும். அடுப்பு துடைக்கும் மருந்து டின்னின் மூக்கைப் பிடுங்கிச் சாய டின்னில் செருகினால் கையகலத்துக்குச் சாயம் பீய்ச்சும் என்று பையன்கள் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு அந்த அகல மூக்கு தனிச் சரக்காகவே விற்கிறது. நம் ஊர் ஹார்ட்வேர் கடையில் நிப்பான் பைலோக்ஸ் டின் வாங்கினால் அதன் மூக்கையும் இப்படிக் கழற்றி மாட்டலாம். கருவி மாறும்போது எழுத்தும் மாறும். தமிழுக்கும் அதுதான் நடந்தது. உளியால் கல்லில் வெட்டிய தமிழ் பிராமி நேர்க்கோடாக நின்றது. பின்னால் வந்த வட்டெழுத்து, பெயருக்கேற்பச் சுருண்டது. ஓலையில் எழுத்தாணி நேராக இழுத்தால் நரம்போடு கிழியும் என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

இரண்டாவது வழி, உருவத்தையே மாற்றுவது. ஃபேஸ் 2 என்ற பிராங்ஸ் பையன் 1972 கடைசியில் எழுத்துகளைக் காற்றடித்த பலூன்போல உப்ப வைத்தான். மூலையே கிடையாது. வளைத்து வளைத்து இழுத்தால் சீக்கிரம் முடியும், ஓர் எழுத்து அடுத்ததன்மேல் சாய்ந்துகொள்ளும், இடமும் மிச்சம். காவல்காரர் வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலைக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. இரண்டே வண்ணத்தில் இப்படி அவசரமாகப் போடுவதைத்தான் இன்று த்ரோ-அப் என்கிறார்கள். டாப் கேட் 126 என்றவன் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்தான். வரும்போது அவன் ஊர்ப் பாணியையும் கொண்டுவந்தான்: ஒல்லியாக உயர்ந்து, காலில் பலகை வைத்து நிற்கும் எழுத்து. ஒரு வட்டாரத்துக் கையெழுத்து இன்னொரு வட்டாரத்துக்குப் போய்க் கலப்பது அங்கே தொடங்கியது.

பிறகு இணைப்புகள். ஓர் எழுத்தின் கால் நீண்டு அடுத்ததன் கையாவது, நுனியில் அம்பு முளைப்பது, எழுத்துக்கு நிழலும் கனமும் வருவது. இது முற்றிப் போனதுதான் வைல்ட்ஸ்டைல். பாலத் தூணில் நீங்கள் பார்த்துப் படிக்க முடியாமல் விட்டது இதன் பேரப்பிள்ளை. படிக்கும் வழி ஒன்று சொல்கிறேன். மார்கழிச் சிக்குக் கோலத்தில் முதலில் புள்ளியைப் பார்த்துவிட்டு அப்புறம்தானே கோட்டைப் பின்தொடர்வோம், அதேபோல அம்பையும் வண்ணத்தையும் கண்ணிலிருந்து விலக்கிவிட்டு எழுத்தின் எலும்பைத் தேடுங்கள். ஓர் 'ஏ' என்றால் இரண்டு சாய்ந்த கம்பு, நடுவில் ஒரு குறுக்கு. அந்தக் கம்புகள் எவ்வளவு நீண்டாலும் முறிந்தாலும் அந்த மூன்று கோட்டின் உறவு மட்டும் மாறாது. நல்ல கைக்கும் மோசமான கைக்கும் வித்தியாசம் இதில் தெரியும். எலும்பு தெரியாமல் அம்பு மட்டும் போடுகிறவனை அவர்கள் 'டாய்' என்று ஒதுக்குகிறார்கள். அடுத்தவன் பாணியைத் திருடுவது கடித்தல். டேக்கின்மேல் த்ரோ-அப் போடலாம், த்ரோ-அப்பின்மேல் நாள் கணக்கில் திட்டமிட்டு வரைந்த பீஸ் போடலாம், தலைகீழாகச் செய்தால் சண்டை. சட்டத்தை மீறுகிற கூட்டத்துக்குள் இவ்வளவு சட்டம்.

கேஸ் 2 என்பவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிறு வயதில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தவர். ஒற்றைக் கையால் ரயில் பெட்டி முழுக்க எழுதினார். சில்லு சில்லாக உடைந்து அடுக்கிய தன் பாணிக்குக் கம்ப்யூட்டர் ராக் என்று பெயர் வைத்தார். 1983இல் வந்த 'ஸ்டைல் வார்ஸ்' ஆவணப்படத்தில் அவரைப் பார்க்கலாம். அந்தப் படமும், 1984இல் மார்த்தா கூப்பரும் ஹென்றி சால்ஃபன்டும் வெளியிட்ட 'சப்வே ஆர்ட்' புகைப்பட நூலும்தான் நியூயார்க் எழுத்தை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. ரயில்களில் அது அதிக நாள் தாங்கவில்லை. 1989 மே 12 அன்று, எழுத்துப் படிந்த கடைசிப் பெட்டியையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டதாக நியூயார்க் போக்குவரத்து நிர்வாகம் அறிவித்தது. ரயிலில் செத்தது சுவரில் வளர்ந்தது. கோலாலம்பூரில் பசார் செனி பக்கம் கிள்ளான் ஆற்றங்கரைச் சுவரில் இன்றும் அந்த வழி எழுத்துகளைப் பார்க்கலாம்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் எழுத்து கறுப்பாக, குச்சியாக, மாடி உயரத்துக்கு நிற்கும். ஜன்னல் விளிம்பில் தொற்றிக்கொண்டு உருளைத் தூரிகையால் எழுதுவதால் அந்த நீளம். ஹெவி மெட்டல் இசைத்தட்டு உறைகளில் பார்த்த எழுத்திலிருந்து அந்த உருவம் வந்தது. 2016இல் கெய்ரோவில் எல் சீட் என்பவர் ஐம்பதுக்கு நெருக்கமான கட்டடங்களில் பரவும் ஒரே அரபு வரியை எழுதினார். ஒரு குறிப்பிட்ட மேட்டில் நின்றால்தான் அது முழுதாகச் சேரும். சிங்கப்பூரில் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்கப் பையன் காருக்குச் சாயம் அடித்ததற்காக 1994இல் நாலு பிரம்படி வாங்கினான். 2010இல் ரயிலில் எழுதிய சுவிஸ்காரருக்கும் பிரம்படி கிடைத்தது. இதை அக்காள் மகனுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

இப்போது நம் சுவருக்கு வருவோம். கெடாவின் தோட்டத்து லயங்களிலும், தோட்டம் போனபின் நம் ஆட்கள் குடியேறிய அடுக்குமாடிகளின் படிக்கட்டுகளிலும், பெயரைவிட அதிகம் கண்ணில் படுவது எண். 04, 08, 24, 36. பையனுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை, அவனே தலையைக் குனிந்துகொண்டான். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர் 40,000க்கு மேல், அதில் பெரும்பகுதி இந்தியர் என்று அமைச்சே சொன்னது. எண்ணால் தங்களை அழைத்துக்கொள்ளும் வழக்கம் சீன ரகசியச் சங்கங்களிலிருந்து வந்தது. சவ ஊர்வலத்துப் பதாகையிலும், தைப்பூசத்தில் போடும் சட்டையிலும்கூட அந்த எண்ணைப் பார்த்துப் போலீஸ் எச்சரித்ததுண்டு.

நியூயார்க்கில் பெயருக்குப் பின்னால் வந்ததும் எண்தான். ஏன் அங்கே ஒரு கலை கிளம்பியது, இங்கே கிளம்பவில்லை? கும்பல் என்பதால் என்று சொல்லிவிட முடியாது. லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சத்துக் கும்பல்கள் நியூயார்க்குக்கு வெகு முன்பே சுவரில் எழுதியவர்கள். நாளிதழ் தலைப்பிலும் பட்டமளிப்புச் சான்றிதழிலும் வரும் பழைய ஆங்கில எழுத்தை எடுத்து, அளவெடுத்துச் செதுக்கியதுபோல எழுதினார்கள். அந்தக் கையிலிருந்துதான் சாஸ் போஹோர்க்கெஸ் போன்ற ஓவியர்கள் வந்தார்கள். ஆனால் அங்கே கும்பல் பெயருக்குக் கீழே ஆள் ஆளாகப் பெயர்ப் பட்டியல் இருக்கும். எழுதியவன் கை யாருடையது என்று பேட்டைக்கே தெரியும். நம் சுவரிலுள்ள 36ஐ எந்தப் பையன் எழுதினான் என்று யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. யார் எழுதினாலும் அது ஒன்றுதான், ஆகவே நன்றாக எழுத வேண்டிய தேவையும் இல்லை. வட்டிக்கு விடும் ஆலோங்காரர்கள் விளக்குக் கம்பத்தில் ஒட்டும் தொலைபேசி எண்ணுக்கும் இதற்கும் எழுத்தளவில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் எச்சரிக்கை. டாக்கியின் 183 அவன் வீட்டு விலாசம். அந்தப் பையன்கள் தெருவில் அறிமுகம் இல்லாதவர்கள், பெயரைச் சொல்லி அறிமுகம் ஆனார்கள். நம் பையன்கள் பெயரைக் கொடுத்துவிட்டு எண்ணை வாங்கிக்கொண்டார்கள். என் வருத்தம் இதுதான்.

எழுத்துக் கலை நம்மிடம் இல்லாமல் இல்லை. அது போர்டு எழுதுகிறவர்களிடம் இருந்தது. தோட்டத்துக் கோயில் நுழைவாயிலில் 'அருள்மிகு', தமிழ்ப்பள்ளி வளைவு, ம.இ.கா. கிளைப் பலகை, லாரியின் நெற்றியில் முருகன் பெயர், கல்யாண மண்டபத்தில் மணமக்கள் பெயர். எல்லாம் எனாமல் சாயத்தில், தட்டை முனைத் தூரிகையில், கை நடுங்காமலிருக்க ஒரு குச்சியில் மணிக்கட்டை ஊன்றி எழுதியவை. சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம், வலது கீழே கறுப்பு நிழல். ஒவ்வொருவர் 'ழ'வும் ஒவ்வொரு விதமாகக் கீழே இறங்கும். ஊர்க்காரர்கள் எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வார்கள். சிலர் பலகையின் மூலையில் சின்னதாகத் தங்கள் பெயரையும் போட்டார்கள். கேளாமல் எழுதினால் குற்றம், கூலிக்கு எழுதினால் தொழில். அந்த ஒரு வேறுபாட்டைத் தள்ளிவிட்டால் ஃபேஸ் 2க்கும் அவர்களுக்கும் பேசிக்கொள்ள நிறைய இருந்திருக்கும். பிளெக்ஸ் அச்சு வந்ததும் அந்தத் தொழில் ஒரு தலைமுறைக்குள் போயிற்று.

பழைய பலகையைப் பார்த்தால் அதன் வயதை ஊகிக்க ஒரு வழி உண்டு. 'லை', 'னை' எழுத்துகள் முன்னால் இரட்டைச் சுழியின்றி, யானைத் தும்பிக்கை வைத்துக்கொண்டு நின்றால், 'றா', 'னா' எழுத்துகள் தனிக் கால் இல்லாமல் அடியில் சுருண்டு முடிந்தால், அது பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வழக்கு. தமிழ்நாட்டு அரசு 1978இல் அந்தச் சீர்திருத்தத்துக்கு ஆணையிட்டது. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னால் ஏற்றுக்கொண்டன. ஆனால் ஆணை வந்த மறுநாளே தூரிகை மாறிவிடாது. தும்பிக்கை போட்டுப் பழகியவர் கடைசிவரை தும்பிக்கைதான் போட்டார். ஆகவே பலகை சொல்வது எழுதியவர் பள்ளிக்கூடம் போன காலத்தை, பலகை மாட்டிய ஆண்டை அல்ல.

"அப்ப தமிழ்ல டேக் எழுத முடியாதா மாமா?" முடியும். ஆனால் ஆங்கிலப் பாணியை அப்படியே தூக்கிப் போட்டால் கெட்டுவிடும். பலூன் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் இருக்கும் வித்தியாசம் ஒரு சுழி. எழுத்தை உப்ப வைத்தால் சுழியின் ஓட்டை அடைந்துபோகும், கண்ணன் கன்னன் ஆகிவிடுவான். 'ர'வும் துணைக்காலும் ஒன்றையொன்று அண்டினால் எது எது என்று தெரியாது. இங்கே கோடு மெலிந்து, சுழி திறந்திருக்க வேண்டும். அதற்கு ஈடாக நமக்குக் கிடைப்பதும் நிறைய. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால், மெய் நடுவில். அடைப்புக்குறி கையோடு வருகிறது, அம்பு இரவல் வாங்க வேண்டியதில்லை. புள்ளி தலைக்குமேல் தனியாக மிதக்கிறது. நியூயார்க்கில் ஸ்டே ஹை 149 தன் பெயரோடு தலைமேல் வளையம் வைத்த ஒரு குச்சி மனிதனைச் சேர்த்தானே, அந்த வளையத்துக்கு நம் புள்ளி போதும். 'ழ', 'ஞ', 'ஜ' எல்லாம் எந்தத் திசையில் இழுத்தாலும் வால் வளர்க்கும் எழுத்துகள். ஒரு பையன் மாதக்கணக்கில் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ஒரு தமிழ் வைல்ட்ஸ்டைல் வரும் என்றுதான் நினைக்கிறேன். காகிதம் என்பதை அழுத்திச் சொன்னேன். நியூயார்க் பையன்களும் கறுப்பு அட்டை நோட்டில் வரைந்து பழகித்தான் ரயிலுக்குப் போனார்கள். சுவர் வேண்டுமானால் சுவர்க்காரரிடம் கேட்க வேண்டும். கேட்டுப் பார்க்க உள்ளூரில் இளைஞர் மன்றங்கள் இருக்கின்றன, கோயில் மதில்கள் இருக்கின்றன.

பெயர் பரப்பிய மலேசியத் தமிழர் யாரென்று கேட்டால் முத்து நெடுமாறனைச் சொல்வேன். முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியவர், எழுத்துரு வடிவமைப்பாளர். ஆப்பிள் கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் 'தமிழ் சங்கம் எம்.என்.' என்று ஒன்று இருக்கும். அந்த எம்.என். அவர் பெயரின் முதலெழுத்துகள். ஆப்பிள் மேசைக்கணினி வைத்திருக்கும் எந்த வீட்டிலும், எந்த நாட்டிலும், நம் நாட்டுக்காரர் ஒருவரின் டேக் உட்கார்ந்திருக்கிறது. பையன் தன் தொலைபேசியை உடனே எடுத்துப் பார்த்தான். சாம்சங்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாடாங் செராய், கூலிம், லூனாஸ், பீடோங், மெர்போக் பக்கத்தில் தோட்டத்துக் கோயிலோ பழைய பள்ளிக்கூடமோ மூடிய மளிகைக் கடையோ கண்ணில் பட்டால், கையால் எழுதிய பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நேராக நின்று, எழுத்து முழுதும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். தோட்டத்தின் பெயர், படம் எடுத்த தேதி, அங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருந்தால் எழுதியவர் பெயர், இந்த மூன்றையும் படத்தோடு குறித்து வையுங்கள். கோயில்களுக்கு அடுத்த கும்பாபிஷேகத்தின்போது புதுச் சாயம் பூசிவிடுவார்கள், அதற்கு முன்னால் போங்கள்.